ஓர் ஆண் பெயரில் நான்கு கட்டுரைகள்

எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டை மோந்து பார்ப்பவன் நான். தேதியைப் படித்த பிறகும் மோந்து பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால், கட்டிய பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்வேன். "ஏங்க, அந்த மனுசன் மொகமே தொங்கிப்போச்சு" என்று என் மனைவி பஸ் ஸ்டாண்டு வரை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். என் சுபாவம் அப்படி. கல்லூரி நூலகராக இருப்பவனுக்கு இந்தச் சுபாவம் நல்லதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற புத்தகத்தை ஜன்னலோரம் விரித்து, எந்தப் பக்கத்தைப் பிளேடால் அறுத்திருக்கிறார்கள் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

ராஜபாளையத்துக்குச் சற்று வெளியே இருக்கிற தனியார் கல்லூரி எங்களுடையது. புத்தகம் கொடுத்து வாங்குவதுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். இப்போது பாதி நாள் வேறு வேலையில் போய்விடுகிறது. எங்கள் ஆசிரியர்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், அந்தக் கட்டுரைகளை வேறு யார் யார் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்கள் என்று பட்டியல் போடுவது. அப்படி ஒருவர் எடுத்துக்காட்டினால் அதற்கு சைட்டேஷன் என்று பெயர். யாருக்கு சைட்டேஷன் அதிகமோ அவருக்கு மரியாதை அதிகம், பதவி உயர்வு சீக்கிரம்.

இதைக் கணக்கிட்டுச் சொல்ல ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தத் தளம் நம் பெயரை ஒத்த பெயரில் உலகத்தில் எங்கே கட்டுரை வந்தாலும் கொண்டுவந்து காட்டி, 'இது உங்களுடையதா?' என்று கேட்கும். ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும், கட்டுரை நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அப்படித் தட்டித் தட்டி, மாட்டு மடிநோய் பற்றிய கட்டுரையைக்கூடத் தன் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தார். நான்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எனக்குத் துப்பறியும் சார் என்று பெயர். கேலிதான். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது விலங்கியல் துறையில் இருக்கிற ஓர் ஆசிரியையைப் பற்றி. நாற்பதைத் தாண்டியவர். வெளி மாவட்டத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாயாரோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வருவார். கழுத்தில் மெல்லிய செயின் ஒன்று, காலில் மெட்டி கிடையாது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர் என்று கல்லூரியில் நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அவர் அதை மறுத்ததும் இல்லை, ஆமாம் என்றதும் இல்லை.

அவருடைய படிப்பு மூளையும் நரம்பும். எங்கள் ஊர் நாய்கள் பால் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக் குட்டிகளில் ஒன்றிரண்டு பிறவியிலேயே காது கேட்காமல் பிறக்கும். நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், வெளியாளிடம் மட்டும் சொல்லமாட்டார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் எந்த இடத்தில் கோளாறு என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மின்னலைகளை அளக்கிற கருவி ஒன்று வேண்டும். வருஷா வருஷம் எழுதிக் கேட்பார், வருஷா வருஷம் பதில் வராது. துறையில் ஒரு பேராசிரியர் இருந்தால்தான் அந்த மாதிரிக் கருவிக்கு விண்ணப்பமே போட முடியும் என்று விதி. அதுவரைக்கும் அவரிடம் இருந்த ஆய்வுக் கருவி ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்தான்.

போன வருஷம் அந்தப் பேராசிரியர் பதவி ஒன்று வந்தது. விலங்கியலிலும் வேறு இரண்டு துறைகளிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து குழு வந்து பட்டியலைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பை முதல்வர் என்னிடம் கொடுத்தார்.

ஆசிரியையின் பக்கத்தைத் திறந்ததுமே எனக்கு மூக்கு வேர்த்தது. நாயைப் பற்றிய கட்டுரைகள் சிறியவை, ஒவ்வொன்றையும் ஒருவரோ இருவரோ எடுத்துக்காட்டியிருந்தார்கள். அது நியாயம். ஆனால் பழைய கட்டுரைகள் நான்கு இருந்தன. எலியின் மூளையில் ஞாபகம் எங்கே தங்குகிறது என்பது பற்றி, வடக்கே ஒரு பெரிய நகரத்தின் ஆய்வு நிறுவனத்திலிருந்து எழுதியவை. அந்த நான்குக்கும், அதிலும் குறிப்பாக ஒன்றுக்கு, எந்தெந்த நாட்டிலிருந்தோ சைட்டேஷன் வந்து குவிந்திருந்தது. அவருடைய மொத்தப் பெருமையும் அந்த நான்கில்தான் நின்றது.

நான்கிலும் எழுதியவர் பெயர் வேறு. நல்ல கனமான ஓர் ஆண் பெயர், அதை ஒட்டி ஒற்றை எழுத்து. அந்த எழுத்து ஆசிரியையின் பெயரில் முதல் எழுத்துதான். ஆனால் அந்த எழுத்தில் தொடங்குகிற பெயர் நாட்டில் எத்தனை ஆயிரம் பேருக்கு இருக்கும்? நாய்க் கட்டுரைகளில் அவர் தன் பெயரையும் அப்பா இனிஷியலையும்தான் போட்டிருந்தார். கல்லூரிப் பதிவேட்டிலும் அதேதான்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வெளிநாட்டுப் பத்திரிகைகளின் படிவத்தில் கடைசிப் பெயர் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊரைப் போடுவார், ஒருவர் இனிஷியலை அப்படியே போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். எங்கள் தெருவிலேயே ஒரே இனிஷியல், ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். பேண்டேஜ் கம்பெனிக்காரர், மில்காரர், போஸ்ட் ஆபீஸ்காரர் என்று சொல்லித்தான் நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். இணையதளத்துக்குப் பேண்டேஜ் தெரியுமா, போஸ்ட் ஆபீஸ் தெரியுமா? ஆக, இங்கே தப்பு நடக்க எவ்வளவோ இடம் உண்டு. ஆனால் ஓர் ஆணின் கட்டுரை ஒரு பெண்ணின் பக்கத்தில் வந்து உட்காருவதைத் தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"அது அவிய வீட்டுக்காரரு பேரா இருக்கும்ங்க."

"ஏட்டி, அவியளுக்குக் கல்யாணமே ஆகல."

"ஒங்களுக்கு யாரு சொன்னா? எனக்கு மட்டும் நெலையா ஒரு இனிஷியலா இருக்கு? பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல எங்கப்பா, ரேஷன் கார்டுல நீங்க. நான் ஒருத்திதான் ரெண்டு பேரா திரியுதேன்."

"நீ கட்டுரை எழுதுனியா? பேசாம சட்னியை எடுத்து வை" என்றேன். அவள் சட்னியை எடுத்து வைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் மதியம் ஆசிரியையை நூலகத்துக்கு வரச் சொன்னேன். மாணவர்கள் யாரும் இல்லாத நேரம். கட்டுரையின் முதல் பக்கங்களை அச்செடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். அந்த ஆண் பெயரின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். வேண்டுமென்றேதான் போட்டேன். முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அவர் அந்தப் பெயரைப் பார்த்ததும், சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போல விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது நாலும் நான் எழுதினதுதான் சார்."

"பேரு வேற இருக்கே மேடம்?"

அவர் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆம்பளை பேரா இருக்கு. கமிட்டிக்காரவிய கேட்டா நான் என்ன சொல்ல? ஏதாவது ப்ரூஃப் இருந்தா குடுங்க."

அவர் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார்.

"அப்போ அதை எடுத்துடுங்க சார். நாய்க் கட்டுரை மட்டும் இருக்கட்டும்."

ஒருவர் ராப்பகலாக எழுதிய கட்டுரையை இப்படி ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுப்பாரா? மாட்டார் என்றது என் புத்தி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்குக் குஷியாகவே இருந்தது. நேராக முதல்வர் அறைக்குப் போய், "ஒரு ஆம்பளையோட கட்டுரைய எடுத்துத் தன் பக்கத்துல ஏத்தி வச்சிருக்காவ சார்" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றி என்ன பயன்.

முதல்வர் எதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளாத மனிதர். "எழுத்துல வாங்கிருங்க சார். பொறவு கமிட்டி முன்னால நாம முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார்.

ஆசிரியை என் மேசையருகிலேயே நின்று எழுதினார். 'மேற்கண்ட நான்கு கட்டுரைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.' எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் படித்துப் பார்த்தேன். சேர்க்க வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? தன்னுடையது, ஆனாலும் வேண்டாம் என்றா? நாளைக்கே திரும்ப வந்து கேட்க வழி வைத்துக்கொள்கிறாரோ?

"இப்படி மொட்டையா எழுதுனா சந்தேகம் வரும் மேடம். 'இவை என்னுடையவை அல்ல'ன்னு தெளிவாப் போட்ருங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இந்த ஆள் இன்னும் எவ்வளவு தூரம் போவார் என்று அளந்து பார்க்கிற பார்வை அது. வேறு தாள் வாங்கி, நான் சொன்ன வாக்கியத்தை நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

சுபாவம் அதோடு சும்மா இருக்கவில்லை. நான்கு பொய் என்றால் மற்றவை மட்டும் உண்மையா? நாய் ஆராய்ச்சி என்று ஒன்று நடக்கிறதா, இல்லை அதுவும் காகிதத்தில்தானா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் விட்டுவிட்டு, செத்த நேரத்தில் வருகிறேன் என்று சொல்லி, செண்பகத்தோப்பு போகிற சாலையில் பைக்கை விட்டேன். அவர் வழக்கமாகப் போகிற நாய்ப் பண்ணை எது என்று முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தேன். மாந்தோப்புக்குள் கம்பி வேலி போட்ட இடம். மலை பக்கத்திலேயே நின்றது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆறேழு வெள்ளைக் குட்டிகள் சாக்கில் படுத்திருந்தன. ஆசிரியை அவற்றின் முதுகுப் பக்கமாகச் சற்றுத் தள்ளி, வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தன் நிழல் குட்டிகளின்மேல் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. டம்ளரைக் கையில் தூக்கிப் பிடித்து ஸ்பூனால் ஒரு தட்டு. குட்டிகள் எல்லாம் தலையைத் திருப்பின. ஒன்று மட்டும் மலையைப் பார்த்தபடியே இருந்தது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, ஐந்து நிமிடம் அசையாமல் காத்திருந்து, மறுபடி தட்டினார். இப்படியே முக்கால் மணி நேரம். நான் நின்று நின்று கால் வலித்துப்போனேன், அவர் காலை மாற்றிப் போடக்கூட இல்லை.

பண்ணைக்காரர் தெலுங்கு பேசுகிறவர். "இக்கட ரா, ரா ரா" என்று அந்தக் குட்டியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் என் பக்கம் வந்தார்.

"அம்மா கெட்டிக்காரவதான் சார். ஆனா நோட்டுல என்னத்த எழுதுதாவன்னுதான் எனக்குப் பயம். இன்னார் பண்ணையில செவிட்டுக் குட்டின்னு நாளைக்கு ஊருக்குள்ள பரவிட்டா?"

சத்தம் கேட்டு ஆசிரியை திரும்பினார். என்னைப் பார்த்தார். எழுந்து வந்து நோட்டைப் பண்ணைக்காரரிடம் விரித்துக் காட்டினார். எண்கள் மட்டும்தான் இருந்தன.

"உங்க பேரும் இல்ல, குட்டி பேரும் இல்லண்ணே. இது யாரு வீட்டுக் குட்டின்னு எனக்கே அடுத்த வருஷம் தெரியாது. ஒருத்தர் மறைக்க நினைக்கிறதை நான் எதுக்கு எழுதப்போறேன்?" என்றவர், என் பக்கம் திரும்பி, "செக் பண்ண வந்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், கோயிலுக்கு வந்தோம். அப்படியே மலையப் பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி வேலை செய்கிற ஒருவர் அடுத்தவர் கட்டுரையை எடுக்க வேண்டிய தேவை என்ன? ஆனால் வெட்கமும் சந்தேகமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நினைத்தால் அது தப்பு. என் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

அந்த நான்கு கட்டுரையிலும் கடைசியாக ஒரு மூத்த பேராசிரியரின் பெயர் இருந்தது. அவர் மேற்பார்வையில் நடந்த ஆய்வு என்று அர்த்தம். மறுநாள் அவருக்கு மின்னஞ்சல் போட்டேன். 'இந்தக் கட்டுரைகளில் முதலாவதாகப் பெயர் இருக்கிற ஆசிரியர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிவிக்க வேண்டுகிறேன், அலுவலகச் சரிபார்ப்புக்காக' என்று கறாராக எழுதினேன். பத்து நாள் பதில் வரவில்லை. அதற்குள் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கூடவே ஆசிரியை எழுதிக்கொடுத்த தாளின் நகலும் போய்விட்டது.

பதில் வந்த அன்று நூலகத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அதனால் அந்தக் கடிதத்தை நான் துண்டு துண்டாகத்தான் படித்தேன். அந்த முதல் ஆசிரியர் ஒரு பெண், தன் மாணவி, தன்னிடம் படித்தவர்களிலேயே நிதானமான கைகள் அவருக்குத்தான் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அந்த ஆண் பெயர் அப்போது அவரைக் கட்டியிருந்தவரின் பெயர். படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டபோது, கணவர் பெயரைப் போடம்மா, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று சொன்னதே தான்தான் என்றும் எழுதியிருந்தார். ஒருநாள் அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டாராம். போவதற்கு முந்தைய வாரம் ஒரு கையில் கட்டோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாராம். தானும் என்னவென்று கேட்கவில்லையாம். 'அவர் உங்களோடு இருக்கிறார் என்றால் நலமா என்று மட்டும் சொல்லுங்கள். இன்றும் எங்கே போனாலும் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்கிறார்கள்' என்று முடித்திருந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நான் அன்றைக்கே சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. "பாவம்ங்க அவிய" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் சாயங்காலம் கல்லூரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் ஆசிரியை தனியாக நின்றிருந்தார். போய் நின்றேன். பேராசிரியருக்கு எழுதியதை, பதில் வந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சாருக்கு உடம்பு எப்படி இருக்காம்?" என்று பேராசிரியரைப் பற்றிக் கேட்டார்.

"மேடம், இன்னும் கமிட்டி வரல. கல்யாணப் பதிவோ டைவர்ஸ் கோர்ட் ஆர்டரோ ஏதாவது இருந்தா ஒரு காப்பி குடுங்க. நானே கொண்டுபோய்ச் சேத்துருதேன்."

"கோர்ட் ஆர்டர் இருக்கு சார். நிறையப் பக்கம். அதுல எனக்கு என்னென்ன நடந்ததுன்னு தேதி போட்டு இருக்கு. அதைக் குடுத்தா ஃபைல்ல இருக்கும். ஆபீஸ்ல படிப்பாங்க, கமிட்டி படிக்கும், அடுத்த வருஷம் வர்ற கமிட்டியும் படிக்கும். முதல் பக்கம் மட்டும் தர்றேன்னா யாரும் ஒத்துக்கமாட்டாங்க." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "நீங்களே ஒத்துக்கமாட்டீங்க" என்றார்.

உண்மைதான். முழுப் பிரதியும் வேண்டும் என்று நான் கேட்டிருப்பேன்.

"அப்ப அந்தப் பேராசிரியர் லெட்டர் போதும் மேடம். அதுல கோர்ட்டு பத்தி ஒண்ணும் இல்ல. கையில கட்டுன்னு இருக்குத வரிய மறைச்சுட்டுக் காப்பி எடுத்துருதேன்."

"சார், 'என்னுடையவை அல்ல'ன்னு என் கையெழுத்துல ஒரு தாள் அங்க போயிருக்கு. இப்போ என்னுடையதுன்னு சொன்னா எதை நம்புவாங்க? ஒருதடவை பொய் எழுதிக் குடுத்தவள்னுதானே ஆகும்?"

ஏதோ பேச வேண்டுமே என்று, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மேடம்?" என்றேன்.

"சொன்னேனே சார். நான் எழுதினதுதான்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் முதல்வரிடம் போனேன். அந்தத் தாளை எழுதச் சொன்னது நான், வாக்கியம் என்னுடையது, அதைத் திரும்ப வாங்க வேண்டும், வேண்டுமானால் நான் விளக்கம் எழுதித் தருகிறேன் என்றேன். முதல்வர் நாற்காலியில் சாய்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பளை பேருன்னு எங்கிட்ட வந்து சொன்னதே நீங்கதான சார்? இப்ப நீங்களே வக்காலத்து வாங்குதீய." ஒரு சிரிப்புச் சிரித்தார். "நேத்து பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு நின்னீயளாமே. என்ன சார் விசயம்?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நான் ஒருவரைப் பிடிக்கப்போகிறேன் என்று நினைக்கும்போது எனக்கு வருகிற சிரிப்பு அது. எனக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கல்லூரியில் ஒரு பேச்சுக் கிளம்பினால் அது பக்கத்து ஊர் சேத்தூர் வரை போய்விடும். எனக்காவது பரவாயில்லை, அவருக்கு என்ன ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானம்தான். உண்மை என்னவென்றால் நான் எனக்காகத்தான் பயந்தேன். "ஒண்ணுமில்ல சார், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

குழு வந்தது. நான் பட்டியல்களோடு ஓரமாக நின்றேன். ஆசிரியையின் முறை வந்தபோது, குழுவில் ஒருவர் அந்தத் தாளின் நகலை எடுத்துப் படித்தார். நாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, காதைப் பற்றிக் கேட்கவில்லை. "இது உங்க கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டார். "ஆமா சார்" என்றார் ஆசிரியை. நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் மேசைக்கும் நான்கடி தூரம்கூட இல்லை. பதவி வேறு துறைக்குப் போனது. கருவிக்கான விண்ணப்பம் அந்த வருஷமும் போகவில்லை.

இணையதளத்தில் தன் பக்கத்திலிருந்து அந்த நான்கு கட்டுரைகளையும் அவரே எடுத்துவிட்டார். ஆனால் கட்டுரை எங்கே போகும்? இப்போதும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். யாராவது எங்கேயாவது அதை எடுத்துக்காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதனின் பெயரைச் சொல்லித்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவன் ஏதோ வியாபாரத்தில் இருந்தவன் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். எலியின் மூளையை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டான். இதைப் படிக்கும்போதெல்லாம் அவன்மேல் ஆத்திரம் வருகிறது. பிறகு, அந்தப் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு அவர் முன்னால் விரித்து வைத்தது யார் என்பதும் ஞாபகம் வருகிறது.

இந்த வருஷம் நாயைப் பற்றி அவருடைய கட்டுரை ஒன்று வெளியாகியிருக்கிறது. கல்லூரிப் பட்டியலில் சேர்ப்பதற்காகப் போன வாரம் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த பஸ் நிறுத்தத்துக்குப் பிறகு அவர் நூலகத்துக்கு வந்ததே அப்போதுதான். நான் வாங்கிப் பார்த்தேன். எழுதியவர் பெயர் இருக்கிற இடத்தில் அவருடைய பெயரே இரண்டு தடவை, அடுத்தடுத்து அச்சாகியிருந்தது. இனிஷியல் இல்லை.

யோசிக்கவே இல்லை, பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. "என்ன மேடம், பேரு ரெண்டு தடவ வந்திருக்கு?"

"ஆமா சார். முதல் பேரு கேட்டான், என் பேரைப் போட்டேன். கடைசிப் பேரு கேட்டான், அதுக்கும் என் பேரையே போட்டுட்டேன்" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இதுக்கும் ஏதாவது எழுதிக் குடுக்கணுமா சார்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவதற்காகப் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.